நாலு கோடு சிக்னல்

அத்தியாயம் 14

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில், வீட்டருகே பஸ் ஸ்டாப்பில் நின்றபோது வசந்தகுமாரியின் போனில் மூன்று கோடு சிக்னல் இருந்தது. ஆவடியில் நான்கு. பருத்திப்பட்டு ஏரி வந்ததும் ஒன்றாகக் குறைந்து, பூந்தமல்லி நெருங்க நெருங்க மறுபடி நான்காகி, மேலே 5ஜி என்றும் காட்டியது. ஒவ்வொன்றையும் கைப்பையிலிருந்த சின்ன நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொண்டே வந்தாள்.

பக்கத்து சீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு, "சர்வே எடுக்கிற வேலையாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றாள் வசந்தா. புருஷன் பொய் சொல்கிறானா என்று பார்க்கப் போகிறேன் என்று பஸ்ஸில் யாரிடம் சொல்ல முடியும்?

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாக வேலை. ஒரு எண் சந்தேகமாக வந்தால், அதே சாம்பிளை மறுபடி ஓட்டிப் பார்க்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டாள். ராஜபாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க வராது. சரிபார்க்க வரும்.

செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய மாமனார் பச்சையப்பன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். ஆவடி ஃபேக்டரியில் லேத் ஓட்டும் டர்னராக இருந்து ரிட்டயர் ஆனவர். நெற்றியில் புடைப்பு, இடது மணிக்கட்டில் விரிசல். வேலைக்காரி அஞ்சலை போன் செய்து சொன்னதும் வசந்தா லேபிலிருந்து ஓடி வந்தாள். கீழ்வீட்டு ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டே கணவன் கிருபாகரனுக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் போட்டாள். ஸ்கேன் அறைக்கு வெளியே நின்று போட்டாள். மொத்தம் பதினேழு தடவை. பதினேழு தடவையும் அதே பெண் குரல், நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது.

கிருபாகரன் ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்து, கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். பிறகு சொன்னான்: "உள்ள டவரே இல்ல வசந்தா. நான் இன்னா பண்ணட்டும்?"

மூன்று மாதமாக அதே பதில். அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்த வரைக்கும் இந்தப் பேச்சே இல்லை. நசரத்பேட்டை கோடவுனுக்கு சூப்பர்வைசராக மாற்றலான நாளிலிருந்து, காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை அவன் யாருக்கும் கிடைப்பதில்லை.

வியாழன் அவளுக்கு வார விடுமுறை. அஞ்சலையை மாமனாருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, "பூந்தமல்லி வரைக்கும் ஒரு வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

ஷேர் ஆட்டோ அவளை நசரத்பேட்டையில், பெங்களூர் ஹைவேயின் சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிட்டபோது மணி பன்னிரண்டே கால். வெயில் மண்டையைப் பிளந்தது. நீலத் தகரக் கூரை போட்ட கோடவுன்கள் வரிசையாக நின்றன. வாசலில் லாரிகள். வசந்தா கேட்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று போனைப் பார்த்தாள்.

நாலு கோடு. 5ஜி.

கிருபாகரனுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். அதே குரல்.

மாங்காட்டில் இருக்கும் நாத்தனார் நிஷாவுக்கு வீடியோ கால் போட்டாள். நிஷா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். ஒரே ரிங்கில் எடுத்துவிட்டாள்.

"இன்னா அண்ணி, எங்க இருக்கீங்க? பின்னாடி லாரியா போவுது."

"உங்க அண்ணன் கோடவுன் வாசல்ல. என் முகம் தெளிவா தெரியுதா?"

"நல்லா தெரியுது. ஏன்?"

"அப்ப இங்க டவர் இருக்கு."

நிஷாவுக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. "அண்ணனுக்குப் போட்டீங்களா?"

"மூணு தடவை. எல்லைக்கு வெளியேன்னு வருது."

"போன்ல எதுனா கோளாறா இருக்கும்" என்றாள் நிஷா. உடனே அவளே மறுத்தாள். "இல்ல அண்ணி, அது நான் அமெரிக்காலேந்து வரும்போது பார்த்துப் பார்த்து வாங்கியாந்த போன். இங்க அப்ப அந்த மாடலே வரல. அதுல டவர் எடுக்காம இருக்காது."

பெருமையில் ஆரம்பித்த வாக்கியம் எங்கே போய் நிற்கிறது என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அப்படின்னா அண்ணன்..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"நான் சொல்லலை. நீதான் சொல்ற" என்றாள் வசந்தா. அழைப்பைத் துண்டித்தாள்.

கேட்டுக்கு எதிரே ஒரு சின்ன பெட்டிக்கடை. லாரி டிரைவர்களுக்கு ரீசார்ஜ், சார்ஜர், ஹெட்போன், தண்ணீர் பாட்டில். கடையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, கையில் பாதி பிரித்த ஒரு போன். வசந்தா தண்ணீர் பாட்டில் கேட்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க, காதுல வுழுந்துச்சு" என்றாள் அந்தப் பெண், பாட்டிலை நீட்டியபடி. "வெளிநாட்டு போனா?"

வசந்தாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. "அமெரிக்கா. அதுக்கென்ன?"

"அத மொதல்லயே கேக்கணும். இங்க கம்பெனிக்காரன் ஒரே சிக்னல வுடுறதில்ல க்கா. நாலஞ்சு பேண்டுல வுடுறான். ரேடியோல ஸ்டேஷன் மாத்துறோமே, அந்த மாதிரி வெச்சுக்கோங்க. ரோட்டுல எல்லாமே வரும். தோ, அந்தத் தகரக் கூரைக்குள்ள பூந்து போறது ஒண்ணே ஒண்ணுதான். அமெரிக்கா மாடல் சிலதுல அந்த ஒண்ணு கெடையாது."

"எங்க வீட்டுல நல்லாத்தான வேலை செய்யுது. அம்பத்தூர்ல."

"அங்க டவரு பக்கம் பக்கமா கீது. மத்த பேண்டுல ஓடிரும்." அவள் கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். "மாசத்துக்கு ரெண்டு பேராவது வராங்க க்கா. ரிப்பேர் பண்ணிக் குடு சபீனான்றாங்க. போன் நல்லா கீது, நான் இன்னாத்த ரிப்பேர் பண்றது? சொன்னா நம்பறதில்ல. எனக்குத் தொழில் தெரியலன்னு பேசிட்டுப் போறாங்க."

"இதை எப்படி நிச்சயமா தெரிஞ்சுக்கிறது?"

"ரெண்டு பேரும் ஒரே கம்பெனி சிம்மா?"

"ஒரே கம்பெனிதான்."

"அப்ப சுலபம். சிம்ம மாத்திப் போடுங்க. உங்க போன்ல அவரு சிம், அவரு போன்ல உங்க சிம். உள்ள போய்ப் பாருங்க. எது சாவுதுன்னு தெரிஞ்சிரும்." சபீனா ஒரு சிம் ஊசியை எடுத்துக் கொடுத்தாள். "போவும்போது குடுங்க."

வசந்தா அதை வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. இது அவளுக்குத் தெரிந்த வேலை.

கேட்டில் செக்யூரிட்டி உலகநாதன் பெயர் கேட்டு, ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னார். "கிருபா சார் ஊட்டுக்காரம்மாவா? இருங்கம்மா, கூப்பிடறேன்." மேசை மேல் இருந்த கறுப்பு நிற லேண்ட்லைனை எடுத்து இரண்டு எண்ணை அழுத்தினார். "சார், ஊட்லேந்து வந்துகீறாங்க."

இரண்டு நிமிஷத்தில் கிருபாகரன் ஓடி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இன்னா ஆச்சு? அப்பாவுக்கு எதுனா..."

"அவர் நல்லா இருக்கார். அஞ்சலை கூட இருக்கா. உங்க போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"உள்ள போய்ச் சொல்றேன்."

கோடவுனுக்குள் வாஷிங் மெஷின்களும் பிரிட்ஜ்களும் அட்டைப் பெட்டிகளில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நடுவில் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு அறை. அதுதான் கிருபாகரனின் ஆபீஸ். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓரத்தில் இன்னொரு கறுப்பு போன். வசந்தா மேசையில் கைக்குட்டையை விரித்து, இரண்டு போன்களையும் அருகருகே வைத்து, சிம்களை எடுத்து மாற்றினாள். அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றான்.

அவளுடைய போனில் அவனுடைய சிம் போய் உட்கார்ந்ததும் இரண்டு கோடு வந்தது. அவனுடைய போன் தேடிக்கொண்டே இருந்தது. கடைசியில் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது.

அவள் இரண்டையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே நடந்தாள். கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பினாள். வேலையாட்கள் இரண்டு பேர் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். அவள் போனில் ஒன்றும் இரண்டுமாக மாறி மாறி வந்தது. அவன் போனில் ஒரு இடத்தில்கூட வரவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. மூன்று மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது.

"நீங்க சொன்னது நிஜம்தான்" என்றாள். "இங்க வர்ற பேண்ட் இந்த போன்ல கிடையாது."

"செக் பண்ணவா வந்தே?"

"ஆமா."

"கள்ளிக்குப்பத்துலேந்து. பஸ் ஏறி."

"ரெண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ."

கிருபாகரன் சிரித்தான். நன்றாக இல்லாத சிரிப்பு. "பதிமூணு வருஷம் ஆச்சு நமக்குக் கல்யாணமாகி. வாசல்ல நின்னு எனக்கு டெஸ்ட் வெச்சிருக்கே. நான் எவ கூடயோ சுத்தினு கீறேன்னு நெனச்சியா?"

"எதையும் நினைக்கலை. தெரியாம இருந்தது. தெரிஞ்சுக்க வந்தேன்." மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் மேசை ஓரத்தில் இருந்த கறுப்பு போன் கண்ணில் பட்டது. கேட்டிலிருந்து உலகநாதன் இரண்டு எண்ணை அழுத்திய உடனே அவன் ஓடி வந்தானே.

"இந்த லேண்ட்லைனுக்கு வெளியிலேருந்து கூப்பிட முடியுமா?"

அவன் நாற்காலியை இழுத்து நேராக வைத்தான்.

"நம்பர் இருக்கா இல்லையா?"

"கேட்டுக்கு ஒரு நம்பர் கீது. அங்கேந்து உள்ள குடுப்பாங்க."

"மூணு மாசமா அந்த நம்பரை ஏன் எனக்குக் குடுக்கலை?"

"தோணல."

"லன்ச் டைம்ல கேட்டுக்கு வந்தா உங்க போன்ல சிக்னல் வருமா?"

"வரும்."

"வந்திருக்கீங்களா? ஒரு நாளாவது?"

கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆள் டிராலியைத் தள்ளிக்கொண்டு போனான். அது போய் மறையும்வரை கிருபாகரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கேட்டா சொல்லிடறேன்" என்றான். குரல் இறங்கியிருந்தது. "மொத வாரம் எனக்கும் கடுப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. காலையில பஸ் ஸ்டாண்ட் தாண்டறதுக்குள்ள அப்பா ரெண்டு தடவை கூப்பிடுவாரு. நிஷா கூப்பிட்டு அப்பாவுக்கு மாத்திரை குடுத்தியான்னு கேப்பா. தண்ணி லாரி வரலன்னு அசோசியேஷன்காரங்க. மோட்டார் ஓடலன்னு கீழ்வீட்டுக்காரரு. நீ. எல்லாத்துக்கும் நான்தான். இந்த ஷெட்டுக்குள்ள வந்தா ஒரு சத்தம் இல்ல. எட்டு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட முடியாது. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

வசந்தா கைக்குட்டையை மடித்தாள். மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஒரு பொண்ணு இருந்திருந்தாக்கூட நான் என்ன பேசணும்னு யோசிச்சு வச்சிருந்தேன்" என்றாள். "இதுக்கு யோசிக்கலை."

"வசந்தா..."

"எனக்கும் எட்டு மணி நேரம் வேலைதான். சாம்பிள் ஓடிட்டிருக்கும்போது உங்கப்பா எனக்கும்தான் கூப்பிடுறார். நான் கையுறையைக் கழட்டிட்டு எடுக்கிறேன்."

"தப்புதான். செவ்வாய்க்கிழமை அப்படி ஆவும்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். தெரியாம இருக்கத்தானே வழி பண்ணி வச்சிருந்தீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. எங்கே போவது? மறுபடி அதே ஷேர் ஆட்டோ, அதே பஸ், அதே வீடு. மாலை ஆறு மணிக்கு மேல் இவன் வருவான், சாப்பாடு எடுத்து வைக்க வேண்டும்.

அவள் மடியில் வைத்திருந்த போன் அடித்தது.

இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அந்த அறைக்குள் ஒரு செல்போன் அடித்ததே முதல் தடவையாக இருந்திருக்கும். போன் அவளுடையது, உள்ளே இருந்தது அவன் நம்பர். பெயர் இல்லாத ஒரு அம்பத்தூர் லேண்ட்லைன் எண்.

"இந்த நம்பரா?" என்று எட்டிப் பார்த்தான் கிருபாகரன். "நேத்து சாயங்காலம் மிஸ்டு கால் மெசேஜ் ஆறு வந்துச்சு இதுலேந்து. கிரெடிட் கார்டு விக்கிறவங்கன்னு வுட்டுட்டேன்."

வசந்தா எடுத்தாள்.

"பச்சையப்பனோட சன்னா?" என்றது ஒரு பெண் குரல். எரிச்சலாக இருந்தது.

"மருமக பேசுறேன். அவரும் பக்கத்துல இருக்கார்."

"ஆஸ்பத்திரிலேந்து பேசறோம். நேத்துலேந்து கூப்பிட்டுனே இருக்கோம் மேடம். எப்ப போட்டாலும் நாட் ரீச்சபிள். ஆறு மணிக்கு மேல எங்களுக்கு டூட்டி முடிஞ்சிரும். வேற நம்பரே ஃபாரத்துல இல்ல."

வசந்தாவுக்குச் செவ்வாய்க்கிழமை கவுன்டர் நினைவுக்கு வந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், என் நம்பரை எழுதட்டுமா என்று அவள் கேட்டாள். மகன் நம்பர்தான் வேண்டும் என்றார்கள். பதினேழு தடவை கிடைக்காத நம்பரைத்தான் அவள் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தாள்.

"டாக்டர்கிட்ட குடுக்கறேன், லைன்ல இருங்க."

அவள் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள். டாக்டர் நிதானமாகப் பேசினார். செவ்வாய்க்கிழமை எடுத்த தலை ஸ்கேனை அன்று பார்த்தவர் ஒன்றுமில்லை என்றுதான் அனுப்பியிருந்தார். புதன்கிழமை காலை பெரிய டாக்டர் மறுபடி பார்த்தபோது ஓரத்தில் மெல்லிசாக ஒரு ரத்தக் கசிவு தெரிந்திருக்கிறது. வயசானவர்களுக்கு அது மெதுவாகத்தான் கூடும். சில பேருக்குத் தானாகவே வற்றிவிடும். சில பேருக்கு ஆபரேஷன் தேவைப்படும்.

"இப்ப எப்படி இருக்கார்? அதிகமா தூங்கறாரா? பேச்சுல குழப்பம் எதுனா?"

"இல்ல டாக்டர்" என்றான் கிருபாகரன் அவசரமாக. "காலையில நல்லாத்தான் இருந்தாரு. நாலு இட்லி சாப்பிட்டாரு. பேப்பர் கேட்டாரு."

"நல்லது. இருந்தாலும் உடனே கூட்டினு வாங்க. நாளைக்குன்னு தள்ள வேணாம். தூக்கமோ குழப்பமோ இருந்தா ஆம்புலன்ஸ்லயே வந்துடுங்க."

அழைப்பு முடிந்தது. ரத்தம் மெதுவாகக் கசிந்து மூளையை அழுத்தினால் என்ன ஆகும் என்று வசந்தாவுக்குத் தெரியும். நேற்று காலையிலிருந்து எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பார்த்தாள். இருபத்தேழு.

கிருபாகரன் ஏற்கெனவே பைக் சாவியை எடுத்துவிட்டான். "கெளம்பு. அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் என்பது எப்போது என்று அவள் கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஏறக்குறைய ஓடினாள். கேட்டைத் தாண்டி பைக் பக்கம் போகும்போதே அஞ்சலைக்குப் போன் போட்டாள். தன் போனில் அவன் நம்பர் இருக்கிறது என்பது அஞ்சலை "சொல்லு அண்ணாத்தே" என்று எடுத்தபோதுதான் நினைவு வந்தது.

"நான் வசந்தா பேசுறேன். மாமா என்ன பண்றார்?"

"படுத்துனு கீறாரு க்கா. நீ போன ஒடனே படுத்தாரு. கஞ்சி குடிக்க எழுப்பினேன், கண்ணத் தொறந்து பார்த்துட்டு மறுபடி தூங்கிட்டாரு. மாத்திரை அசதின்னு நெனச்சேன்."

வசந்தா நின்றாள். "எழுப்பு. தோளைத் தட்டி எழுப்பி உக்கார வை. போனை அவர் காதுல வை."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. அஞ்சலை "நைனா, நைனா, எழுந்திரு" என்று கூப்பிடுவது கேட்டது. ரொம்ப நேரம் எதுவும் இல்லை. பிறகு பச்சையப்பனின் மூச்சு.

"யாரு?"

"மாமா, நான்தான்."

"கமலம்" என்றார் அவர். குரலில் எந்தக் குழப்பமும் இல்லை. வழக்கம் போல, சாதாரணமாக. "எங்க போயிட்டே? தலை வலிக்குது. காபி போட்டாந்து குடு."

கமலம் கிருபாகரனின் அம்மா. இறந்து நான்கு வருஷம் ஆகிறது.

கிருபாகரன் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். "அப்பா, நான் கிருபா பேசறேன். அப்பா, கேக்குதா?"

"கிருபாவா?" பச்சையப்பன் லேசாகச் சிரித்தார். "அவன் இஸ்கூலுக்குப் போயிருக்கான். சாயங்காலம்தான் வருவான். அப்ப போடுங்க."

உலகநாதன் மேசையை விட்டு எழுந்து பார்த்தார். எதிர்க்கடையிலிருந்து சபீனாவும் வெளியே வந்து நின்றாள். கிருபாகரன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இன்னொரு கையிலிருந்த சாவி பைக்கின் துவாரத்தைச் சுற்றிச் சுற்றி உரசிக்கொண்டிருந்தது, உள்ளே போகவில்லை.

வசந்தா போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். "அஞ்சலை, அவரைத் தூங்க விடாதே. கீழ்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லு. செவ்வாய்க்கிழமை போன அதே ஆஸ்பத்திரி. நாங்க நேரா அங்க வந்துடறோம்."

பிறகு சாவியையும் வாங்கினாள்.

"நீங்க பின்னாடி உக்காருங்க" என்றாள். "நான் ஓட்டுறேன்."